எச்சம் பார்க்கும் டீச்சர்

400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஃபிஞ்ச் குருவி ஜோடிக்கு 500 ரூபாய் டாக்டர் ஃபீஸ் கொடுப்பதா என்று நான் மனக்கணக்குப் போட்டிருக்கிறேன். ஆட்டோ செலவு தனி. பறவை வளர்க்கிறவர்கள் இதை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் கல்நெஞ்சக்காரி என்று பேர் வந்துவிடும். ஆனால் ஃபிஞ்ச் வளர்க்கிற பலர் மனத்திலும் இந்தக் கணக்கு ஒரு தடவையாவது ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் யாரும் நாயின் விலையை நினைத்துப் பார்ப்பதில்லை. செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிற விலையில் ஒரு உயிர் கிடைக்கும்போதுதான் இந்தப் புத்தி வருகிறது. ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் நான். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.

பறவை வளர்க்க ஆசைப்பட்டவன் என் மகன். கல்லூரியில் படிக்கும்போது மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே கம்பி வலை அடித்து, சந்தையிலிருந்து ஜீப்ரா ஃபிஞ்சும் பெங்காலி ஃபிஞ்சும் கொண்டுவந்து விட்டான். எல்லாம் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த வெளிநாட்டுச் சாதி. நம்மூர்ச் சில்லைகளை, கடைக்காரர் வாயில் முனியா, ஒரு காலத்தில் பச்சையும் சிவப்பும் சாயம் பூசி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதையெல்லாம் மகன்தான் எனக்கு வகுப்பெடுத்தான். அப்புறம் பெங்களூரில் வேலை கிடைத்தது. “ரெண்டு மாசம் பாத்துக்கம்மா, வீடு பாத்துட்டு வந்து எடுத்துட்டுப் போறேன்” என்றான். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

ஃபிஞ்ச் வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் உண்டு. “காலைல நல்லாத்தாங்க இருந்துச்சு, சாயங்காலம் பாத்தா செத்துக் கெடக்கு.” நானும் சொல்லியிருக்கிறேன். மகனிடம் போனில் சொல்வேன். விதி, கண்ணேறு, சந்தைக்காரன் ஏமாற்றிவிட்டான், எதையாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். காலையில் அது நன்றாக இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. அது பல நாளாகவே நன்றாக இல்லை. கூட்டமாக வாழ்கிற சின்னப் பறவை, தான் நோய்ப்பட்டதை வெளியே காட்டினால் வல்லூறு முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் முடிகிறவரைக்கும் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். தீனிக் கிண்ணத்தில் ஏறி நின்று விதையைக் கொத்தும், ஆனால் உமியை உரித்து உள்ளே தள்ளாது. பார்க்கிறவருக்குத் தின்கிற மாதிரியே தெரியும். நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கூண்டின் அடியில் வந்து உட்கார்கிற நேரத்தில் நோய்க்குக் கடைசி அத்தியாயம் நடந்துகொண்டிருக்கிறது.

முதல்முறை டாக்டரிடம் போனது ஒரு ஜீப்ரா ஆணுக்காக. பறவைகள் பார்க்கிற டாக்டர் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கமாட்டார். நாயும் பூனையும் பார்க்கிற இடத்தில் குருவியைக் கொண்டுபோனால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் கேட்டு விசாரித்துப் போனது ஒரு இளம்வயது டாக்டரம்மாவிடம். அவர் கூண்டை மேசைமேல் வைக்கச் சொன்னார். மேலே போர்த்தியிருந்த துண்டைப் பாதி விலக்கினார். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள்; இவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“கையில எடுத்துப் பாக்க மாட்டீங்களா டாக்டர்?”

“எடுக்கணும் மேடம். எடுத்தா அது மூச்சு விடறது மாறிடும். அதுக்கு முன்னாடி பாத்துக்கறேன்.”

பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால் மூக்கைப் பொத்தாமலே மூச்சு நின்றுவிடும். ஏற்கெனவே திணறுகிற குருவி கையிலேயே போவதும் உண்டு. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாலை. மூச்சுக்கு ஒரு தடவை வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுவிடக் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். அப்புறம் மூன்று கேள்வி கேட்டார். எச்சம் என்ன நிறத்தில் இருந்தது? போன வாரம் என்ன எடை? கடைசியாக எப்போது பாடியது? எத்தனையோ பிள்ளைகளைக் கரும்பலகை முன்னால் நிறுத்திவைத்தவள், கணக்குத் தெரியாமல் கரும்பலகை முன் நின்ற பிள்ளை மாதிரி நின்றேன். எச்சத்தை யாராவது நிறம் பார்ப்பார்களா? குருவிக்கு எடை போடுவார்களா?

அந்தக் குருவி மூன்றாம் நாள் இறந்துபோனது. அதைப்பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூன்று கேள்விகள்தான் மிச்சம்.

கூண்டின் அடியில் நான் விரித்துக்கொண்டிருந்தது பழைய பேப்பர். அச்சு மையின் மேல் விழுகிற எச்சத்தில் எந்த நிறமும் தெரியாது. வெள்ளைத் தாள் விரித்துப் பார்த்த பிறகுதான் அதற்குள் மூன்று பாகம் இருப்பதே தெரிந்தது. கரும்பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் சுருண்ட மலம், அதன் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, சுற்றிலும் ஈரம். அந்த வெள்ளைதான் பறவையின் சிறுநீர்ச் சத்து. அது மஞ்சளாகவோ இலைப்பச்சையாகவோ மாறினால் ஈரலை நினைக்க வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுத்தால் குடலின் மேல்பகுதியில் ரத்தம் கசிந்திருக்கலாம். தினை முழுசு முழுசாக வெளியே வந்தால் அரைக்கிற இடத்தில் கோளாறு. ஈரம் மட்டும் கூடியிருந்தால் உடனே பதற வேண்டாம்; வெள்ளரிக்காய் வைத்த நாளில் அப்படித்தான் இருக்கும். கருகருவென்ற பச்சையில் துளித்துளியாக இருந்தால் அது தின்னவே இல்லை, வெறும் பித்தம்தான் இறங்குகிறது. இதில் எதுவும் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடாது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். காலையில் காப்பித் தம்ளரோடு கூண்டுக்கு முன்னால் குனிந்து தாளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. “எல்லாரும் ராசிபலன் பாப்பாங்க, இவ எச்சம் பாக்கறா” என்று என் வீட்டுக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

எடைக்கு, நகை நிறுக்கிற சின்ன மின்தராசு ஒன்று வாங்கினேன். அதன் மேல் ஒரு சின்ன டப்பா. டப்பாவுக்குள் குருவியை விட்டு மூடி, எண் நிலைக்கிறவரை காத்திருந்து குறித்துக்கொள்ள வேண்டியது. ஜீப்ரா ஃபிஞ்ச் 12-லிருந்து 15 கிராம் இருக்கும். எண்ணைவிட முக்கியம் அந்தக் குருவியின் வழக்கமான எண். 12 கிராம் குருவி 1 கிராம் குறைந்தால் நமக்கு ஒன்றுமே தோன்றாது. இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். 60 கிலோ ஆள் ஒரு வாரத்தில் 5 கிலோ இளைத்தால் தெருவே கேட்கும்; கணக்கு ஒன்றுதான். தராசு இல்லாதவர்கள் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சதை மேடாக இருந்தால் சரி. நடுவெலும்பு கத்தி விளிம்பாகத் துருத்தினால், அந்தக் குருவி வாரக்கணக்கில் இளைத்திருக்கிறது.

நோய் இல்லாத குருவியை இப்படி நிறுப்பதும் பார்ப்பதும் வீண்வேலை என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. நோய் இல்லாதபோது தெரிந்துவைத்திருந்தால்தானே நோய் வந்தது தெரியும். அது தூங்கும்போது ஒற்றைக்காலில் நிற்கும், இறகும் கொஞ்சம் உப்பியிருக்கும், அதில் தவறில்லை. பட்டப்பகலில் மற்றவை விளையாடும்போது இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு உப்பியிருப்பதுதான் கவனிக்க வேண்டியது. மார்கழி விடியலில் எல்லாமே உப்பியிருக்கும். வெயில் ஏறியதும் எது உப்பலை விடவில்லை என்று பார்க்க வேண்டும். மே மாதம் சென்னையில் எல்லாமே அலகைத் திறந்துகொண்டு, சிறகை உடம்பிலிருந்து விலக்கிவைத்துக்கொண்டு நிற்கும். அது சூடு. ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, அகலத் தட்டில் தண்ணீர் வைத்தால் அடங்கிவிடும். ராத்திரி எல்லாம் அடங்கிக் குளிர்ந்த பிறகும் ஒன்று மட்டும் அலகைத் திறந்தபடி இருந்தால் அது வேறு.

அந்த வேறு எங்கள் வீட்டில் ஒரு கோல்டியனுக்கு வந்தது. வடக்கு ஆஸ்திரேலியாவின் பறவை. பச்சை முதுகு, ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு. ஜான் கோல்ட் என்ற பறவை ஆய்வாளர் தன் மனைவி எலிசபெத்தின் நினைவாக வைத்த பெயர். எலிசபெத்தும் நல்ல ஓவியர். கணவரின் புத்தகங்களுக்குப் பறவைகளை வரைந்தவர். மகன் தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய ஜோடி அது. ஒன்றின் விலையில் ஜீப்ரா ஒரு கூண்டு வாங்கலாம். அன்றைக்கு நான் ஃபீஸ் கணக்குப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கூண்டில் பக்கத்துப் பக்கத்துக் கம்பில் உட்கார்கிற இரண்டு உயிருக்கு என் மனத்தில் இரண்டு விலை இருந்தது.

ஆண் பாடுவதை நிறுத்தியிருந்தது. கோல்டியன் பாட்டே காதருகில் வைத்தால்தான் கேட்கிற அளவு மெல்லியது, அதனால் நின்றதைக் கவனிக்கவே இரண்டொரு நாள் ஆகியிருக்கும். விளக்கை அணைத்த பிறகு கூண்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். மூச்சுக்கு ஒரு டிக். டாக்டரம்மா அறையை இருட்டாக்கி, கழுத்து இறகைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நனைத்து ஒதுக்கி, கழுத்துக்குப் பின்னால் பேனா டார்ச்சைப் பிடித்தார். தோல் வழியாக மூச்சுக்குழாய் தெரிந்தது. அதற்குள் கரும்புள்ளிகள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளிகள், ஒன்று நகர்ந்தது. காற்றுப்பை உண்ணி. மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் குடியிருக்கும். கோல்டியனையும் கேனரியையும்தான் அதிகம் பிடிக்கும். தாய் குஞ்சுக்கு ஊட்டும்போதும், பக்கத்தில் இருமும்போதும் பரவும். டார்ச்சில் புள்ளி தெரியவில்லை என்றால் உண்ணி இல்லை என்று சொல்லிவிட முடியாது. கீழே காற்றுப்பையில் இருப்பது வெளிச்சத்துக்கு எட்டாது. பூஞ்சையும் வேறு கிருமியும்கூட இதே டிக் சத்தத்தைத் தரும். சத்தம் மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றார்.

மருந்து ஐவர்மெக்டின். நம் ஊர் மருந்துக்கடையில் மாட்டுக்கும் நாய்க்கும் கிடைப்பதுதான். சந்தையில் ஒரு வியாபாரி, “மாட்டு ஊசி மருந்து ஒரு சொட்டு கழுத்துல வுடுங்கம்மா, சரியாப் பூடும்” என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். டாக்டரம்மா ஒரு தாளை நீட்டி, “நீங்க மேத்ஸ் டீச்சர்தானே, போட்டுப் பாருங்க” என்றார். வழக்கமான அளவு, உடல் எடையில் 1 கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். குருவிக்கு 15 கிராம் என்றே வைத்துக்கொண்டால் 0.003 மில்லிகிராம். மாட்டுக்கான மருந்து 1 சதவீதம். 1 மில்லியில் 10 மில்லிகிராம். 1 மில்லியில் 20 சொட்டு என்றால் ஒரு சொட்டில் 0.5 மில்லிகிராம். வகுத்தால் 166. ஒரு சொட்டில் 166 குருவிக்கான மருந்து. அந்த வியாபாரி சொன்ன வைத்தியத்தில் பிழைத்த குருவிகளும் உண்டு. தோல் வழியாக அத்தனையும் உள்ளே போய்விடாது என்பதால் பிழைத்திருக்கலாம். செத்தவற்றுக்கு நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டிருப்பார்கள்.

அவர் மருந்தைப் பலமடங்கு நீர்க்கச்செய்து வைத்திருந்தார். பிடரியில் இறகை ஊதி விலக்கி, வெறும் தோலில் ஒரு துளி. கொஞ்ச நாள் விட்டு மறுபடி. “நிறைய உண்ணி ஒரே சமயத்துல செத்தா, செத்ததே குழாயை அடைக்கும். முதல் ரெண்டு நாள் மோசமாத் தெரியலாம், பயந்துடாதீங்க டீச்சர்” என்றார். மேடம் டீச்சர் ஆனது அன்றுதான். ஜோடியில் பெண்ணுக்குச் சத்தமில்லை என்றாலும் அதற்கும் போட்டார். ஆண் தேறி, மறுபடி பாடவும் ஆரம்பித்தது.

இந்த வெற்றியால் எனக்குத் தலைக்கனம் வந்தது. தெருவில் லவ்பேர்ட்ஸ் வைத்திருந்தவர்கள், புறா வைத்திருந்த பையன்கள் எல்லாரும் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு யாராவது நம்மிடம் சந்தேகம் கேட்க வருவது எவ்வளவு ருசியான விஷயம் என்பது ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் தெரியும். மருந்துப் பெயர்களை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் மருந்தைவிட அதிகம் குருவியைக் காப்பாற்றியது ஒரு அட்டைப்பெட்டி. குருவியின் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். 12 கிராம் உடம்பில் அதைத் தக்கவைக்க அது நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். தீனியை நிறுத்திய குருவி நோயால் சாவதற்கு முன்னால் பட்டினியாலும் குளிராலும் செத்துவிடும். அதற்கு ஒரு நாள் போதும். அது உப்பிக்கொள்வதே சூட்டைப் பிடித்துவைக்கத்தான். வெளியிலிருந்து சூடு கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம்; மிஞ்சிய தெம்பில் தானே தின்ன ஆரம்பிக்கும். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, குருவிக்கு எட்டாதபடி. உள்ளே ஒரு வெப்பமானி, 30 டிகிரியை ஒட்டி. மறு ஓரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சூடு போதுமென்றால் அது நகர்ந்துகொள்ள. தீனியும் தண்ணீரும் தரையிலேயே, மூக்குக்கு முன்னால். இதில் ஒரு சங்கடம்: கடைகளில் குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. எல்.இ.டி. பல்பில் கரண்ட் மிச்சமாகும், குருவிக்குச் சூடு கிடைக்காது. கண்ட இடத்தில் நான் குண்டு பல்பு வாங்கிச் சேர்த்துவைப்பதைப் பார்த்து, கடைக்காரர் இந்தம்மா எந்தக் காலத்தில் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

தண்ணீரில் மருந்து கலப்பதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஒரு கேப்ஸ்யூலை உடைத்துக் குடிதண்ணீரில் கொட்டிக் கலக்கி, மஞ்சள் நீராக வைத்துவிட்டால் வைத்தியம் முடிந்தது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழ்கிற பறவை. உலர்ந்த விதையை மட்டும் தின்றுகொண்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் அது தாக்குப்பிடிக்கும் என்று 1960-களிலேயே ஆய்வகத்தில் நிறுவியிருக்கிறார்கள். தண்ணீர் கசந்தால் குடிக்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான். நோய்ப்பட்டது இன்னும் குறைவாகக் குடிக்கும். நன்றாக இருக்கிற மற்றவை மருந்தைக் குடிக்கும். டெட்ராசைக்ளின் வகை மருந்து என்றால் வெயிலில் கெடும். கூண்டில் தொங்குகிற கடல் நுரையின் சுண்ணாம்போடு சேர்ந்து பயனற்றும் போகும். அரைகுறை அளவு மருந்தில் கிருமிதான் தேர்ச்சி பெறும். ஆனால் மஞ்சள் தண்ணீரை வைத்துவிட்ட ராத்திரி நமக்கு நன்றாகத் தூக்கம் வரும். ஏதோ செய்துவிட்டோம் என்கிற தூக்கம். நானும் அப்படித் தூங்கியிருக்கிறேன். அந்த மருந்து யாருக்கு என்று இப்போது கேட்டால், எனக்குத்தான் என்பேன்.

எச்சப் பரிசோதனையில் நான் ரசித்த ஒரு விஷயம் உண்டு. குடலைப் பிடிக்கிற காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, குருவி இனங்களில் தன் முட்டைகளைப் பெரும்பாலும் பிற்பகலிலும் சாயங்காலத்திலும்தான் எச்சத்தில் விடும். ஒழுங்காகக் காலையில் எழுந்து, முதல் எச்சத்தைச் சேகரித்து ஓட்டமாக ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. அதே குருவியின் மாலை எச்சத்தில் வட்டவட்டமாகத் தெரியும். ஒட்டுண்ணிக்கும் ஒரு கால அட்டவணை இருப்பது வகுப்பு நடத்தியவளுக்கு வியப்பாக இருந்தது. மருந்தைக் கொடுத்து, ஈரமான தரையைக் காயவைத்து, தீனிக் கிண்ணத்தை எச்சம் விழாத இடத்துக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை அடங்கும்.

முட்டை சிக்கிக்கொள்வது வேறு கதை. அதற்கு நுண்ணோக்கி வேண்டாம். ஒரு ஜனவரி மாதம் சாயங்காலம், ஜீப்ரா பெண் ஒன்று கூட்டுக் கலயத்தை விட்டு இறங்கி, தரையில் காலை அகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாலடி வீங்கியிருந்தது. விரல் நீட்டினால் பறக்கவில்லை. பெட்டி, பல்பு, உள்ளே ஆவி இருக்கட்டும் என்று ஈரத்துணி, அலகோரத்தில் ஒரு துளி கால்சியம், கழிவாயில் ஒரு துளி எண்ணெய். முட்டையை அழுத்தித் தள்ளிவிடத்தான் கை பரபரக்கும். உள்ளே உடைந்தால் தீர்ந்தது. போனில் டாக்டரம்மா, “கைய வெக்காதீங்க டீச்சர், அது பாடு அது. வெளிச்சத்தக் கொறச்சிட்டு வந்துருங்க. காலைல முட்டை வரலன்னா நேரா இங்க தூக்கிட்டு வாங்க” என்றார். வந்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளுக்காக உட்கார்ந்த நினைப்பெல்லாம் வந்தது. 400 ரூபாய் ஜோடியில் பாதி இது என்று இன்னொரு பக்கம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மண்டையில்தான். விடிகாலையில் போட்டுவிட்டது, தோல் மாதிரி மெல்லிய ஓடு. அடுத்த ஆண்டு வேறொரு பெண்ணுக்கு இதே மாதிரி ஆனது, இதே பெட்டி, இதே பல்பு, அது விடியும்வரை தாங்கவில்லை.

இதற்கு உண்மையான வைத்தியம் கலயத்தை எடுத்துவிடுவதுதான். கூடு இருக்கிறவரை ஜீப்ரா ஃபிஞ்ச் முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஈட்டுக்கு நாலோ ஐந்தோ, குஞ்சு பறந்ததும் அடுத்த ஈடு. அதன் எலும்பிலிருந்துதான் அந்த ஓட்டுக்கெல்லாம் சுண்ணாம்பு போகிறது. அவித்துப் பொடித்த முட்டையோடும் கடல் நுரையும் காலை வெயிலும் கொடுக்கிறேன். வருஷத்தில் பாதிநாள் கலயமில்லாமல் வைக்கிறேன். குஞ்சு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மகனுக்கு வருத்தம். அவன் அங்கே உட்கார்ந்துகொண்டு வருத்தப்படலாம்.

புதிதாக வருகிற குருவியை மாதக்கணக்கில் தனி அறையில் வைப்பதையும் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். பெங்காலி ஃபிஞ்ச் எந்தக் குஞ்சைக் கொடுத்தாலும் வளர்த்துவிடும் என்று கோல்டியன் முட்டையை அதன் கூட்டில் வைப்பார்கள். அந்த வளர்ப்புத் தாயின் குடலில் அதற்கு ஒரு தொந்தரவும் தராத காக்ளோசோமா என்ற ஒட்டுண்ணி இருந்தால், ஊட்டுகிற தீனியோடு சேர்ந்து போய்க் குஞ்சுகளைக் கொன்றுவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கிற குருவி நோயைச் சுமக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சமையலறை விஷயத்தில் பஞ்சாயத்தே நடந்தது. நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்து காயவிட்டால் எழுகிற புகை, மனுஷருக்கு இருமல் வருவதற்கு முன்னால் கூண்டையே காலி செய்துவிடும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. உள்ளே வருகிற விஷத்தை நம்மைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். பிரிட்டன் சுரங்கங்களில் விஷவாயு பார்க்க 1986 வரை கேனரியைக் கொண்டுபோனது இதற்காகத்தான். நான்ஸ்டிக் எங்கள் வீட்டை விட்டுப் போனது, கொசுவர்த்தி போனது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு மட்டும் மாமியார் இறங்கிவரவில்லை. அவர் இருந்தவரை வெள்ளி சாயங்காலம் கூண்டு மாடிக்குப் போய்வரும்.

இறந்த குருவியை அறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஒப்பவில்லை. பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பதுதான் என் வழக்கம். ஆனால் அந்த வருஷம் ஒன்றன்பின் ஒன்றாக இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. நன்றாகத் தின்றுகொண்டே இளைத்தன. சரி என்று, இறந்த ஒன்றை நனைத்து உறையிலிட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். ஃப்ரீசரில் வைத்தால் திசு வெடித்துப்போகும், ஆய்வுக்கு ஆகாது. தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனார். இரைப்பையிலிருந்து எடுத்த சளியில், நுண்ணோக்கியின் கீழ் குச்சி குச்சியாகத் தெரிந்தது. மேக்ரோரேப்டஸ். இதை நெடுநாள் பெரிய பாக்டீரியா என்றே நினைத்திருந்தார்களாம். பூஞ்சை வகை என்று 2003-இல்தான் நிறுவினார்கள். பாக்டீரியா மருந்தை எத்தனை கலக்கியும் கேட்காமல் போனதன் காரணம் அப்போது விளங்கியது. கொல்வதற்கு ஆம்போடெரிசின் பி என்ற மருந்தை, ஒவ்வொன்றையும் பிடித்து, தினம் இரண்டு வேளை, வாரக்கணக்கில் வாய்வழியாகக் கொடுக்க வேண்டும்.

இளசுகளுக்கு அப்படியே செய்தோம். கிழட்டு ஜீப்ரா பெண் ஒன்று இருந்தது, மகன் முதன்முதலாக வாங்கிவந்த கூட்டத்தில் மிஞ்சியது. எடை 10 கிராமுக்குக் கீழே வந்துவிட்டது. பிடிக்கிறபோதெல்லாம் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் விரலில் எகிறும். விட்ட பிறகு நெடுநேரம் தரையிலேயே கிடக்கும். அதற்கு மட்டும் “வேண்டாம் டாக்டர், நிறுத்திடலாம்” என்றேன். அவரும் மறுக்கவில்லை. சூட்டுப் பெட்டியும் ஊறவைத்த தினையும் கொடுத்துவந்தேன், சில வாரங்கள் இருந்தது. அதன் கஷ்டம் பார்க்கப் பொறுக்காமல் நிறுத்தச் சொன்னேனா, அந்தப் பழைய கணக்கு உள்ளே எங்கோ ஓடிச் சொல்லவைத்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகனிடம் முதல் காரணத்தை மட்டும் சொன்னேன்.

இப்போதும் தெருவில் குருவிக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். மருந்து எதுவும் நான் சொல்வதில்லை. வெள்ளைத் தாளும், ஒரு குண்டு பல்பும், டாக்டரம்மாவின் நம்பரும் கொடுக்கிறேன். பின்தெருவில் தையல்கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய ஏமாற்றம். “என்ன டீச்சர், ஒரு டானிக்காச்சும் எழுதிக் குடுக்கலாம்ல?” என்றார். தராசைக் கொடுத்து, ஒரு வாரம் எடை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். தையல் அளவெடுக்கிற நோட்டிலேயே எழுதுகிறாராம், சட்டைத் தோள் அளவுக்குக் கீழே ‘வெள்ளைப் பொட்டை 13.1’ என்று. மூன்றாம் நாளே ஒரு குருவி அரை கிராம் குறைந்ததைக் கண்டுபிடித்து என்னை எழுப்பிவிட்டார். தராசை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை. நான் வேறொன்று வாங்கிவிட்டேன்.